கோட்டுக் கையின் உள்பக்கம்

சட்டைக்குக் கை வைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கோட்டுக்கும் வைக்கலாம் என்று நினைத்தால் என்ன வரும் என்பதை அந்தக் கறுப்புக் கோட்டில் பார்க்கலாம். தோளில் நாலு மடிப்பு. முழங்கையில் ஆறு. தடியில் மாட்டிவிட்டால், செட்டையில் பிடித்துத் தூக்கிய கோழி மாதிரி இரண்டு கையும் பக்கத்துக்கு ஒன்றாய் விரிந்து நின்றது.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. சிரிக்காமப் பாருங்கோ" என்று நஜீம் அதை வீரகத்தியின் மேசையில் போட்டான்.

வீரகத்தி சிரிக்கவில்லை. சிரிக்கிற ஆளும் இல்லை. வவுனியா பசாரில் நஜீமின் தையல் கடை. முன்பக்கத்துக் கண்ணாடி, வெளிச்சம், துணி அடுக்கிய அலுமாரி எல்லாம் நஜீமுக்கு. திரைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு அயன் பெட்டி வீரகத்திக்கு. பதினொரு வருடமாக அவருக்கு ஒரே வேலைதான், கோட்டுக்குக் கை பொருத்துவது. வெட்டுவது நஜீம். உடம்பைத் தைப்பது வேறு இரண்டு பேர். கை மட்டும் கிழவனிடம் வரும். ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை என்றபடியால்தான் அவர் அதை ஏற்றார்.

கோட்டுக் கை லேசுப்பட்டதில்லை. கையின் தலைப்பக்கம் அது போய் இருக்கிற தோள் வளையத்தைவிட இரண்டு விரல் பெரிதாக இருக்கவேண்டும். பெரியதைச் சின்னதுக்குள் சுருக்கு விழாமல் ஏற்ற வேண்டும். அதற்கு நூலோட்டம் ஓடி இழுத்து, ஈரத்துணி போட்டு, அயன் பெட்டியால் அந்த மிச்சத்தைத் துணிக்குள்ளேயே சாகடிக்க வேண்டும். வளையம் நாளடைவில் வாய் பிளக்காமல் இருக்கச் சுற்றிவர நாடா வைத்துக் கைத்தையல் போட வேண்டும். தோள் தாழாமல் இருக்கப் பஞ்சுப் பட்டை. அதெல்லாம் செய்தாலும் ஆளின் கை எப்படித் தொங்குகிறது என்று பார்க்காவிட்டால் எல்லாம் வீண். சைக்கிள் ஓடினவன் கை முன்னுக்கு வரும். மூட்டை சுமந்தவன் கை பின்னுக்குப் போகும். பொய் சொல்லுகிறவன் கை எப்படித் தொங்கும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதை அவர் தானாகவே அறிந்துகொண்டார்.

"ஆர் தைச்சது?"

"வீட்டிலயாம். மனிசி ஊரில பிளவுஸ் தைக்கிறவவாம். 'வீட்டில மெசின் இருக்கேக்க வெளியில ஏன் குடுப்பான்' எண்டு மனுசன் பெருமை அடிச்சிருக்கிறார். இப்ப கையைக் கீழ விட ஏலாம நிக்கிறார்" என்றான் நஜீம். "கனடாவுக்கு மகனைப் பாக்கப் போறாராம். அடுத்த வெள்ளி பிளைட். உடம்பு பரவாயில்ல. கையை மட்டும் பிரிச்சு வைச்சுக் குடுப்பம். செவ்வாய் பதினொரு மணிக்குப் போட்டுப் பாக்க வரச் சொல்லிட்டன்."

நஜீம் முன்பக்கம் போனான். வீரகத்தி கோட்டை உள்பக்கம் வெளியே வரப் புரட்டினார். உள்துணியை அவிழ்த்து, வலது தோளில் பிளேட்டின் முனையை விட்டு நாலைந்து தையல் அறுத்து விரித்தார்.

அங்கே நிறுத்தினார்.

தையலுக்கு இடதுபக்கம், தையலோடு தையலாக, அரிசி முனை அளவில் ஒரு கீறல். ஒரு தையலுக்கு ஒன்று. பூனைக்குட்டி நகத்தால் இழுத்த மாதிரி. கறுப்புத் துணியில் சாம்பல் நிறமாய், வளையம் முழுக்க, எறும்பு ஊர்ந்து போன வரிசை போலப் போனது.

அவர் எழும்பி யன்னலடிக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்தார்.

அந்தக் கீறல் அவருடையது.

உடையார்கட்டில் வீரகத்தி தைத்துக்கொண்டிருந்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், சனம் பங்கருக்கு மண் மூட்டை அடுக்கியது. சாக்கு இல்லை. சேலைகளைக் கொண்டுவந்து பை தைத்துத் தரச் சொன்னார்கள். மண்ணும் தூசியும் ஏறின சேலைகளை நாள் முழுக்க ஓடவிட்டதில், ஊசிக்குக் கீழே துணியை இழுக்கிற பல்லில் ஒன்று முனை உடைந்து போனது. வேறு பல்லு போட வழியில்லை. கொழும்பில் இருந்து ஒரு ஊசியே வராத காலம். உடைந்த முனை கூராய் நின்று தையலுக்குத் தையல் துணியின் அடிப்பக்கத்தைக் கீறியது. உள்பக்கம்தானே, ஆருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். ஆருக்கும் தெரியவில்லை. இருபது வருடமாக ஊர்ப் பெண்களின் பிளவுஸ் எல்லாவற்றின் உள்ளேயும் அந்தக் கீறல் இருந்தது. அவர் மட்டும் அறிவார்.

கடைசி இடம்பெயர்வில் அந்தக் கறுப்பு மெசினைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தலையை மட்டும் கழற்றிக் கிறீஸ் பூசித் தறப்பாள் சீலையில் சுற்றி வேப்பமரத்தடியில் புதைத்தார். கிடங்கு வெட்ட உதவிக்கு வந்தவன் பக்கத்து வளவுக் கனகலிங்கம். அந்த இடம் தெரிந்தது இரண்டு பேருக்கு.

முகாமில் இருந்து திரும்பி வந்து தோண்டியபோது கிடங்கில் தறப்பாள் மட்டும் மடித்து வைத்தபடி கிடந்தது. வீரகத்தி நேரே கனகலிங்கத்தின் வாசலில் போய் நின்று கேட்டார். கனகலிங்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய் உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்தி அணைத்து, தான் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினான். அதோடு விட்டானா? தையல் மெசின் பறிகொடுத்தவர்களுக்குப் புது மெசின் குடுக்க ஒரு நிறுவனம் வந்தது. அபிவிருத்திச் சங்கம் பேர் எழுதிக் கொடுக்கவேண்டும். சங்கத்துக்குத் தலைவன் கனகலிங்கம். அவன் பொதுக்கூட்டத்தில் எழும்பி, "வீரகத்தி அண்ணை இடம்பெயரேக்கையே மெசினை வித்துப்போட்டார். இப்ப இனாம் மெசினுக்காகக் கதை விடுறார்" என்றான். செயலாளர் ஞானேஸ்வரி அதைப் புத்தகத்தில் எழுதி வாசித்தாள்.

வீரகத்தி நாலாம் வகுப்பு. ஆனால் அந்த வசனம் அவருக்கு மனப்பாடம். "திரு. வீரகத்தி அவர்கள் தமது தையல் இயந்திரம் களவு போனதாகக் கூறியது உண்மைக்குப் புறம்பானது எனத் தலைவர் அவர்கள் தெரிவித்ததைச் சபை ஏற்றுக்கொண்டது."

பேர் வெட்டுப்பட்டது. மெசின் இல்லை. அதையும் தாங்கியிருப்பார். அன்றைக்குக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அவருடைய மனிசி விமலேஸ்வரி இருந்தாள். வீட்டுக்கு வந்து, தண்ணி வார்த்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"உண்மையாய் நீங்கள் விக்கேல்லையோப்பா?"

முப்பத்திரண்டு வருடம் ஒன்றாய்ச் சோறு தின்றவள். அவளே கேட்டாள். ஒருதரம்தான் கேட்டாள், பிறகு கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்லியும் அவள் முகத்தில் அது முழுதாய் ஏறவில்லை என்பதை வீரகத்தி பார்த்தார். இரண்டு வருடத்துக்குள் ஊரை விட்டு வவுனியாவுக்கு வந்துவிட்டார்கள். கனகலிங்கத்தின் மனிசி இராசமலர் பச்சை நிற மெசின் ஒன்று வைத்துத் தைக்கிறாள் என்று பிறகு ஆரோ சொன்னார்கள். சாட்சி இல்லாத கதையைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொருதரம் பொய்யன் ஆக வீரகத்தி விரும்பவில்லை.

இப்போது சாட்சி மேசையில் கிடந்தது. அதுவும் கள்ளன் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

"நஜீம், இந்தக் கோட்டுக்காரன்ரை பேர் என்ன?" என்று திரைக்குள் இருந்தபடி கேட்டார்.

"கனகலிங்கம். உடையார்கட்டு. ஏன், தெரிஞ்ச ஆளோ?"

"ஓம். தெரிஞ்ச ஆள்."

முதலில் வந்த யோசனை லேசானது. நாடா வைக்காமல், கைத்தையல் போடாமல், மேலுக்கு மட்டும் வடிவாக வைத்துக் கொடுத்தால் கனடாவில் போய் இறங்கிக் கையைத் தூக்கும்போது தோளோடு கழன்று வரும். வீரகத்தி அதை ஒரு தேத்தண்ணி நேரம் யோசித்தார். பிறகு துப்பினார். அவன் அங்கே கிழிந்து நிற்பான், நான் இங்கே எதைப் பார்க்கிறது? அவனும் நஜீமின் கடையைத்தான் குறை பேசுவான். வேண்டாம். அவன் கிழியிறதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அன்று மத்தியானம் ஞானேஸ்வரிக்குப் போன் எடுத்தார். நம்பர் எடுக்கவே மூன்று பேரைக் கேட்க வேண்டியிருந்தது.

"ஆர் கதைக்கிறது?"

"வீரகத்தி."

"சொல்லுங்கோ அண்ணை."

"நீர் இப்பவும் சங்கத்துச் செயலாளரோ?"

"ஓம். வேறை ஒருத்தரும் எழுத வரீனமில்லை."

"செவ்வாய்க்கிழமை வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கிளினிக் வாறனீர் எண்டு கேள்விப்பட்டன். வரேக்கை ரெண்டாயிரத்துப் பதினொண்டாம் ஆண்டுக் கூட்டப் புத்தகத்தையும் கொண்டு வாரும். நீர் எழுதினதிலை ஒரு பிழை இருக்கு."

"என்ரை புத்தகத்திலையோ?" அவளுக்குச் சுருக்கென்று தைத்தது குரலிலேயே கேட்டது. முன்பள்ளி நடத்தினவள். பிழை என்ற சொல்லைத் தாங்கமாட்டாள். "பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு என்ன பிழை?"

"வாரும், காட்டுறன். இன்னொண்டு. இடம்பெயர முதல் நான் உமக்குத் தைச்ச துணி ஏதும் மிஞ்சிக் கிடக்குதோ?"

"கலியாணக் கூறைச் சட்டை இருக்கு. எல்லாம் விட்டிட்டு வந்தனான், அதை மட்டும் விடேல்லை."

"அதையும் கொண்டு வாரும். என்ரை வீட்டிலை இருந்து எடுத்தால் நான்தான் கீறிப்போட்டு வைச்சனான் எண்டு சொல்லுவான்."

"ஆர் சொல்லுவார்?"

அவர் போனை வைத்துவிட்டார். பெண்களிடம் பேரைச் சொன்னால் பஸ் ஓமந்தை தாண்ட முதல் ஊர் முழுக்கப் போய்விடும்.

வலது கையை மட்டும் பிரித்தார். கையின் தலைப்பக்கத்துக்கு அதே கறுப்பில் புதுத் துண்டு நஜீமிடம் வெட்டுவித்தார். நூலோட்டம் ஓடி அயன் பண்ணி வட்டமாக்கினார். இடது கையை ஒரு நூலும் தொடாமல் இராசமலர் தைத்தபடியே விட்டார்.

"ஏன் அண்ணை ஒரு கை மட்டும்?" என்றான் நஜீம்.

"ரெண்டையும் நான் பிரிச்சால் கீறினது ஆர் எண்டு கேப்பாங்கள்."

பிறகு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், நின்றபடி, அயன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு. நஜீம் கேட்டு முடித்து, தாடியைத் தடவினான். அவனுடைய குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு முல்லைத்தீவில் இருந்து விரட்டப்பட்டது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

"எங்கட வாப்பாட மெசின் நாலு நிண்டது அண்ணை. புதைக்கக்கூட நேரம் தரல்ல. அது இப்ப ஆரிட வீட்டில என்ன நிறத்தில நிக்குதோ" என்றான். "கடைக்குள்ள கை வைக்க மாட்டீங்களே?"

"கோட்டிலை மட்டும்தான் கை வைப்பன்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கனகலிங்கம் வந்தான். உடம்பு பெருத்திருந்தான். தலைமயிருக்குக் கறுப்பு மை. கையில் பயணப் பைக்குப் புதுப் பூட்டு. ஞானேஸ்வரி அதற்கு முன்னமே வந்து, கிளினிக் கொப்பியும் கூட்டப் புத்தகமும் மடியில் வைத்துக்கொண்டு துணி அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"என்ன ரீச்சர், நீங்களும் கோட்டுத் தைக்க வந்தனீங்களோ?" என்று கனகலிங்கம் சிரித்தான்.

"இல்லைத் தலைவர். ஒரு பிழை திருத்த."

நஜீம் அவனைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திக் கோட்டைப் போட்டுவிட்டான். இடது கை பழையபடி கோழிச்செட்டை. வலது கை இன்னும் தைக்கவில்லை, தோள் வளையத்தைச் சுற்றிக் குண்டூசிகளில் நின்றது.

"ஒரு நிமிசம். கை வைக்கிறவர் வந்து பாப்பார்" என்று நஜீம் ஒதுங்கினான்.

திரை விலகியது. கனகலிங்கம் கண்ணாடிக்குள் வீரகத்தியைக் கண்டான். திரும்பப் பார்த்தான். தோளில் ஏதோ குத்தியது.

"அசையாதை கனகு" என்றார் வீரகத்தி, வாயில் மூன்று குண்டூசியோடு. "இருபத்தாறு ஊசி நிக்குது. கையைத் தூக்கினால் கக்கத்துக்குள்ளை போகும்."

"வீரகத்தி அண்ணை! நீங்களோ இஞ்சை? எவ்வளவு காலம்..."

"பதின்மூண்டு வருசம். நேரே நில். கையைத் தளர விடு. உன்ரை கை எப்பிடித் தொங்குது எண்டு நான் பாக்கவேணும்."

ஊசி ஒன்றை எடுத்துப் பின்னுக்கு வைத்தார். இன்னொன்றை முன்னுக்கு. வேலையில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியில் அந்த வலது தோள் உருண்டு திரண்டு, ஒரு மடிப்பில்லாமல் விழுந்து நின்றதைக் கனகலிங்கமே பார்த்தான்.

"இஞ்சாலைக் கை வலு திறம் அண்ணை" என்றான், சமாளிக்கிறவன் மாதிரி.

"மற்றக் கை?"

"அது மலர் தைச்சது. பழகாத வேலைதானே."

"எந்த மெசினிலை தைச்சவ?"

"வீட்டு மெசினிலைதான்."

"கேட்டீரோ ரீச்சர்? வீட்டு மெசினிலை." வீரகத்தி பிளேட்டை ஞானேஸ்வரியிடம் நீட்டினார். "நான் தொடமாட்டன். நீரே வந்து இடது தோளைப் பிரியும். உள்பக்கத்தைப் பாரும்."

"என்ன செய்யிறியள்? கோட்டு!" கனகலிங்கம் இடது கையை இழுத்தான். வலது தோள் அசைந்தது. "ஆ!" என்று கத்தினான்.

"சொன்னனான்தானே."

முன்பள்ளிப் பிள்ளையின் கைவிரலில் முள் எடுக்கிற மாதிரி ஞானேஸ்வரி தையலை ஒவ்வொன்றாய் அறுத்தாள். விரித்தாள். கீறல் வரிசையாய்த் தெரிந்தது. அவள் தானாகவே பையைத் திறந்து கூறைச் சட்டையை எடுத்து, உள்பக்கம் புரட்டி, கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். நஜீமும் குனிந்து பார்த்தான். அரக்குப் பட்டில் அதே இடது பக்கம், அதே அரிசி முனை, ஒரு தையலுக்கு ஒன்று.

"மெசின் எல்லாம் உள்ளுக்கை ஒரு மாதிரித்தானே கீறும்" என்றான் கனகலிங்கம்.

"எங்கட கடையில ஆறு மெசின் ஓடுது" என்றான் நஜீம். "ஒண்டும் கீறாது."

"அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"சொல்லு. பதின்மூண்டு வருசமாய்க் கேக்கத்தான் இருக்கிறன்."

கனகலிங்கம் கண்ணாடியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக் கதைத்தான். "நாங்கள் உங்களுக்கு முதல் ஊருக்கு வந்திட்டம். நீங்கள் ஒருத்தரும் தப்பேல்லை எண்டு சனம் சொன்னது. பிள்ளையள் நாலு. தின்ன வழியில்லை. செத்தவையின்ரை சாமான் மண்ணுக்குள்ளை உக்கிறதைவிட..."

"சரி" என்றார் வீரகத்தி.

கனகலிங்கம் நிமிர்ந்தான்.

"செத்தவன்ரை எண்டு எடுத்தாய். அது சரி. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. செத்தவன் உயிரோடை வந்து உன்ரை வாசல்லை நிண்டானே? அப்ப ஏன்ரா தரேல்லை? அப்ப ஏன் கற்பூரம் அணைச்சனி?"

"வெக்கமாய்ப் போச்சு அண்ணை. மலர் தைக்கத் தொடங்கியிருந்தவள்."

"உனக்கு வெக்கம் எண்டு என்னைப் பொய்யனாக்கினாய்."

அவன் கழுத்தில் மை கலந்து வியர்வை ஓடியது. "கோட்டைக் கழட்டுங்கோ. வெள்ளிக்கிழமை பிளைட். எனக்கு வேறை கோட்டு இல்லை."

"தெரியும். அதுதான் ஊசியிலை நிக்கிறாய். ரீச்சர், புத்தகத்தை விரியும்."

ஞானேஸ்வரி பழைய வசனத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்து ஓரத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதியதை வாசித்தாள். "திரு. வீரகத்தி அவர்களின் தையல் இயந்திரத்தைத் தலைவர் அவர்களே தோண்டி எடுத்தார் என்பதையும், திரு. வீரகத்தி அவர்கள் கூறியது உண்மை என்பதையும், தலைவர் அவர்கள் ஒப்புக்கொண்டார்."

"அந்த ரெண்டு 'அவர்களை'யும் வெட்டும்" என்றார் வீரகத்தி.

"ஆற்றை?"

"தலைவற்றை."

வெட்டினாள். புத்தகத்தைக் கனகலிங்கத்துக்கு முன்னால் வெட்டு மேசையில் வைத்தாள். அவன் வலது கையைத் தயங்கித் தயங்கி நீட்டினான். குத்தவில்லை.

"பயப்பிடாதை. முன்னுக்கு நீட்டினால் குத்தாத மாதிரித்தான் ஊசி வைச்சிருக்கிறன். கையெழுத்து வைக்க வசதியாய் இருக்கும்."

அவன் வைத்தான். நஜீம் சாட்சிக்கு வைத்தான். ஞானேஸ்வரி வைத்துவிட்டு மூடியைப் பேனையில் போட்டாள். பிறகு தயங்கினாள்.

"அண்ணை, வாற மாதம் பொதுக்கூட்டத்திலை இதை வாசிக்க வேண்டி வரும். இவர் கனடாவிலை நிப்பார். மலர்தான் சபையிலை இருப்பா."

"என்ரை மனிசியும் இருந்தவள்" என்றார் வீரகத்தி. "மூண்டாம் வரிசை."

கனகலிங்கத்தின் தோளில் இருந்து ஊசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கோட்டை எடுத்தார். "வியாழக்கிழமை வந்து கோட்டை எடு. மெசினைக் கொண்டு வந்து தந்திட்டு எடு. ஆட்டோவிலை ஏத்தக்கூடாது. பஸ் ஸ்ராண்டிலை இருந்து நீயே தோளிலை தூக்கிக்கொண்டு வா. அண்டைக்குக் கிடங்குக்குத் தூக்கினது மாதிரி."

வியாழன் காலை கனகலிங்கம் பசார் வீதி வழியாக மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தான். மற்றத் தோளுக்கு மாற்றி மாற்றி, மூன்று இடத்தில் இறக்கி வைத்து. மரக்கறிக் கடைக்காரன் உதவிக்குப் போனான். கடை வாசலில் நின்ற வீரகத்தி "விடு, அவர் தூக்குவார்" என்று கத்தினார்.

மெசினுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தது. வீரகத்தி அதை நஜீமின் மேசைப் பலகையில் பூட்டி எண்ணெய் விட்டார். சில்லை ஒருதரம் சுற்றினார். கைக்குத் தெரிந்த சத்தம்.

"அதிலே இரு" என்று கனகலிங்கத்துக்குக் கதிரையைக் காட்டினார்.

கோட்டின் இரண்டு கையும் முடிந்து கிடந்தது. நாடா வைத்து, பஞ்சுப் பட்டை வைத்து, கைத்தையலில் நெருக்கமாய்ப் போட்டிருந்தார். இழுத்தால் துணி கிழியும், தையல் விடாது. அதற்கு மேல் ஒரு வேலையும் தேவையில்லை. ஆனால் வீரகத்தி கோட்டை எடுத்து, அதன் வெளிப்பக்கத்தைக் கீழே, பல்லுப் பக்கம் கவிழ்த்துப் போட்டு, வலது தோளைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். இடது தோளைச் சுற்றி இன்னொன்று. மெதுவாக ஓடினார். ஒரு தையலையும் தவறவிடவில்லை.

நஜீம் எட்டிப் பார்த்தான். "எங்கட கடை லேபிள் போடாதீங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னான்.

"போடேல்லை. இதுக்குப் பேர் போட வேறை ஆள் இருக்கு."

கனகலிங்கம் கோட்டைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். கை இரண்டும் அவனுக்கென்றே முளைத்த மாதிரி விழுந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு யன்னல் பக்கம் திரும்பினான். வெளிச்சம் சாய்வாய் விழுந்தபோது தோள்களைச் சுற்றி, கறுப்புத் துணியின் வெளிப்பக்கத்தில், சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசை ஓடியது.

"அண்ணை, இதென்ன இது? கீறல்..."

"உன்ரை வீட்டு மெசின்தானே. வீட்டு மெசின் எண்டால் கொஞ்சம் கீறும்."

"இதைப் போட்டுக்கொண்டு நான் எப்பிடி? மகன் பாப்பானே. அங்கை சனம்..."

"பாக்கட்டும். ஆரும் கேட்டால் கதையைச் சொல்லு. சொல்ல வெக்கம் எண்டால் கற்பூரம் அணை."

"இதைப் பிரிச்சு விடுங்கோ அண்ணை. கையெடுத்துக் கும்பிடுறன்."

"கும்பிடு. இப்ப கை நல்லாய் வரும்."

பதினொரு மணிக்குக் கொழும்பு பஸ். நாளை விமானம். கனகலிங்கம் கோட்டைக் கழற்றி மடித்து, உள்பக்கம் வெளியே வரப் பைக்குள் வைத்தான். பூட்டினான். இறங்கிப் போனான். வீரகத்தி வாசலில் நின்று, அவன் பஸ் ஸ்ராண்ட் பக்கம் திரும்பும் வரைக்கும் பார்த்தார்.

மத்தியானம் மெசினை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆட்டோக்காரனை உள்ளே விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய்க் குசினி வாசலில், விமலேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு முன்னால் வைத்தார்.

"விக்கேல்லை" என்றார்.

அவள் கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். குந்தி இருந்து, ஊசிக்குக் கீழே விரலை விட்டுத் தடவினாள். உடைந்த பல்லில் விரல் நின்றது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. இருபது வருடம் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் அல்லவா?

"பச்சைப் பெயின்ற் அடிச்சுப் போட்டாங்கள்" என்றாள். "நான் அண்டைக்கு உங்களைக் கேட்டிருக்கக் கூடாதப்பா."

"கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றார் வீரகத்தி. பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடிய கேள்வி இல்லை அது.

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கேட்டாள். "அந்தாளின்ரை கோட்டை என்ன செய்தனீங்கள்? கிழியிற மாதிரித் தைச்சுக் குடுத்திட்டியளோ?"

"இல்லை. கிழியாது. என்ரை கைத்தையல். அவன் செத்தாலும் அந்தக் கை கழலாது."

பழைய பிளேட் ஒன்றை எடுத்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். பச்சைப் பெயின்ரைச் சுரண்டத் தொடங்கினார். கழுத்துப் பக்கத்தில் முதல் துண்டு உரிந்து விழுந்தது. உள்ளே கறுப்பு இருந்தது.